பொழுது இருக்கு

பரணைச் சுத்தம் செய்தபோது அந்தத் துணி கிடைத்தது. அப்பாவின் எட்டு முழ வேட்டியை நடுவில் கிழித்த பாதி. பழைய முறத்துக்கு அடியில் நாலாக மடித்துக் கிடந்தது. விரிக்கப் போனால் விரியவில்லை, அட்டை மாதிரி விறைத்து நின்றது. துணி முழுக்க வட்ட வட்டமாக வடாம் இருந்த தடம். சில வட்டங்களின் ஓரத்தில் கஞ்சி பொருக்குத் தட்டியிருந்தது, அதை ஏதோ பூச்சி அரித்திருந்தது. அம்மா எப்போதும் வடாம் எடுத்த அன்றே துணியை ஊறப் போட்டு, கஞ்சி விடும்வரை நாலு தண்ணீர் அலசி, காயவைத்துத்தான் மடிப்பாள். இதை அலசவில்லை. ஏன் அலசவில்லை என்பது எனக்குத் தெரியும். "தூக்கிப் போட்டுடட்டுமா?" என்று மனைவி கேட்டாள். இருக்கட்டும் என்று சொல்லி மாடிக் கொடியில் கொண்டுபோய்ப் போட்டேன். இரண்டு வாரமாகிறது. அலசவும் இல்லை, எறியவும் இல்லை.

துணியைத் தொட்டதும் முதலில் எனக்கு வந்தது துக்கம் இல்லை. அதுதான் உறுத்துகிறது. 2020ஆம் ஆண்டுக் கோடையை யாராவது பேச்சில் எடுத்தால், அந்த நாளே வேண்டாம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். நானும் சொல்வேன், மனதாரத்தான் சொல்வேன். அச்சகம் மூடிக் கிடந்தது, சம்பளம் பாதியானது, அம்மாவின் தம்பி அந்தக் கோடையில்தான் போனார். ஆனால் ஏணியில் நின்றபடி அந்தத் துணியை மூக்கருகே கொண்டுபோனபோது பெருங்காயமும் எலுமிச்சையும் கலந்த புளித்த வாசம் கொஞ்சம் மிச்சமிருந்தது. உடம்பில் ஓர் இதம் பரவியது. மாமாவின் முகம் அதற்குப் பிறகுதான் வந்தது. வரிசை இப்படி மாறி வந்ததை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. முப்பது வருடமாக அடுத்தவர் எழுத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன் நான். சரியான சொல் இருக்கவேண்டிய இடத்தில் பக்கத்துச் சொல் இருந்தால் கண் தானாக அங்கே போய் நின்றுவிடும். அந்த இதத்தை மகிழ்ச்சி என்று எழுதிப் பார்த்தால் அடித்துவிடத் தோன்றுகிறது. நிம்மதி என்றால் பொய், ஒரு மணி நேரம்கூட நிம்மதியாக இருக்கவில்லை. சுகம் என்றால் கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஏதோ ஒன்று இருந்தது, தினமும் இருந்தது, அதற்காக நான் காலையில் எழுந்தேன்.

அந்த நாட்களில் தொலைபேசியில் பேசிய எல்லோரும் சொன்ன ஒரு வாக்கியம் உண்டு: பொழுதே போக மாட்டேங்குது. மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் ஊரடங்கு முடிந்து, 24ஆம் தேதி இரவு இருபத்தொரு நாள் என்று அறிவிப்பு வந்ததிலிருந்தே இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சித்திரை முதல் நாள் அன்று அது மே 3 வரை நீண்டது, பிறகு 17, பிறகு 31. பொழுது போக வேண்டும், போகாவிட்டால் போக்க வேண்டும், அதற்கும் வழி இல்லையென்றால் தள்ள வேண்டும், ஓட்ட வேண்டும், கழிக்க வேண்டும். நம் பேச்சில் பொழுதுக்கு நாம் வைத்திருக்கும் வினைகள் பெரும்பாலும் அதை அப்புறப்படுத்துவதற்கானவை. வாசலில் வந்து நிற்கும் வேண்டாத ஆளைப் போல அதை நடத்துகிறோம். ஆனால் அதே சொல்லுக்கு இன்னொரு குடும்பமும் இருக்கிறது. பொழுது விடிந்தது, பொழுது ஏறியது, பொழுது சாய்ந்தது. இங்கே பொழுது என்பது சூரியன். கிராமத்தில் "பொழுது எங்க நிக்குது பாரு" என்று கேட்டால் வானத்தைத்தான் பார்ப்பார்கள். ஒரே சொல், ஒரு பக்கம் நம் கையால் தள்ளப்படுவது, இன்னொரு பக்கம் யார் தயவும் இல்லாமல் தானாக ஏறி இறங்குவது. மேற்கு மாம்பலத்தில் மாடிப் போர்ஷனில் அப்போதே இருபது வருடமாக வாடகைக்கு இருந்தேன். அந்தக் கோடைவரை அந்த இரண்டாவது பொழுதை நான் பார்த்ததே இல்லை. அது ஏறும்போது மின்சார ரயிலில் இருப்பேன், உச்சியில் நிற்கும்போது அச்சகத்தின் குழல்விளக்குக்கு அடியில் இருப்பேன், சாயும்போது மறுபடி ரயில்.

ஏப்ரல் முதல் வாரத்தில் அம்மா, "வெயில் வீணாப் போறது, வடாம் போட்டுடலாமா?" என்று கேட்டாள். அதற்கு முன் மூன்று நான்கு வருடமாக அவளுக்கு முழங்கால் வலி, மாடி ஏற ஆளில்லை, கடையில் வாங்கிக்கொண்டிருந்தோம். இந்தத் தடவை நான் இருந்தேன். முதல் நாள் இரவே ஜவ்வரிசியை ஊற வைத்தாள். விடிகாலை நாலரைக்கு என்னை எழுப்பினாள். வெண்கல உருளியில் தண்ணீர் கொதித்ததும் ஜவ்வரிசியைப் போட்டு, பச்சரிசி மாவைக் கரைத்து ஊற்றி, பச்சை மிளகாயும் பெருங்காயமும் அரைத்த விழுதைச் சேர்த்து, கை ஓயாமல் துழாவ வேண்டும். துழாவுவது என் வேலை. அம்மா பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளையாக இருந்த கூழ் மெல்ல மெல்லக் கண்ணாடி நிறத்துக்கு மாறும். மாறிய நொடியை அவள் கண்டுபிடித்துவிடுவாள், எனக்கு அது தெரியவே தெரியாது. உப்பு பார்க்கச் சொன்னாள். சப்பென்று இருக்கிறதே என்றேன். "கொறச்சலாத்தான் தெரியணும். காஞ்சா கூடிடும்" என்றாள். தண்ணீர் வற்றினால் உப்பு மட்டும் அப்படியே நிற்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனாலும் அவள் சொன்ன பிறகுதான் அது நாக்கில் ஏறியது. காலை ஆறு மணிக்குள் மாடியில் வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்து, ஒரு சின்னக் கரண்டியால் கூழை விட்டு, கரண்டியின் முதுகால் ஒரு சுற்று. அவ்வளவுதான். ஒரு வரிசைக்குப் பதினொன்று. முதல் நாள் நான் போட்டவை பூசணி இலை மாதிரி கோணலாக இருந்தன. நாலாவது தடவை வட்டமாயின. அப்படி வட்டமான அன்று காலையில் எனக்குள் எழுந்ததைத்தான் என்ன சொல்லால் எழுதுவது என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவன் ஒரு கரண்டிக் கூழை வட்டமாக விட்டான். உலகம் நின்றுபோயிருந்தது, சுடுகாடுகளின் கணக்கு தொலைக்காட்சியின் அடியில் ஓடிக்கொண்டிருந்தது, இவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

காக்கைக்குக் கருப்புக் குடையை விரித்து வைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து காவல் இருந்தேன். மெய்ப்புக்கு ஒரு கட்டும் கையில் இருக்கும், பக்கம் திரும்பாது. பள்ளியில் சிறுபொழுது ஆறு என்று மனப்பாடம் செய்திருந்தேன்: காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை. ஒவ்வொன்றும் பத்து நாழிகை. மதிப்பெண்ணுக்குப் படித்ததோடு சரி. எற்பாடு என்பதை எல், பாடு என்று பிரித்து, சூரியன் சாயும் நேரம் என்று எழுதினால் இரண்டு மதிப்பெண். அந்த மாடியில் எற்பாடு என்றால் வடாத்தின் ஓரம் துணியை விட்டு எழும்பத் தொடங்கும் நேரம். இரண்டு மணி இரண்டரைக்கு ஓரத்தில் ஒரு நூல் அளவு வளைவு தெரியும். நண்பகலில் வடாம் துணியோடு ஒட்டிக் கிடக்கும், தொட்டால் விரலில் பசை. இவை ஒரே மாதிரியான நாட்கள்தான், அதில் சந்தேகமில்லை. அதே மாடி, அதே குடை, அதே காக்கை. ஆனால் ஒரே மாதிரி இருந்ததால்தான் அந்த நூல் அளவு கண்ணில் பட்டது என்று நினைக்கிறேன். பக்கத்து மனை வேப்பமரம் எங்கள் மாடிமேல் சாய்ந்திருக்கும். ஒவ்வொரு காலையும் பூவைப் பெருக்கிச் சேர்ப்பேன். முதலில் ஒரு கைப்பிடி, பிறகு இரண்டு, ஒரு நாள் முறம் நிறைய, பிறகு குறைந்து குறைந்து, ஒரு நாள் பூ இல்லை, பச்சையாகப் பொடிக்காய் விழுந்து கிடந்தது. இருபது வருடமாக என் தலைக்கு மேல் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது.

ஏப்ரல் 24ஆம் தேதி ஒரு காரியம் செய்தேன். சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாள் அது, வருடத்தில் இரண்டு தடவை, மறுபடி ஆகஸ்டில். நிழலில்லா நாள் என்று நாளிதழில் எப்போதோ நானே மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். பித்தளைச் சொம்பு ஒன்றை வடாம் துணிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன். பதினொன்றரைக்கு அதன் மேற்குப் பக்கம் ஒரு பிறைபோல நிழல். கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. அம்மாவையும் மகளையும் கூப்பிட்டேன். அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தாள். பன்னிரண்டு மணி ஏழு நிமிட வாக்கில் சொம்புக்கு நிழல் இல்லை. கொடிக்கம்பத்துக்கு இல்லை. எங்களுக்கும் காலடியில் ஒரு திட்டு, அவ்வளவுதான். தரை கொதித்தது, மூவரும் செருப்போடு கால் மாற்றி மாற்றி நின்றோம். யாரும் பேசவில்லை. இரண்டு மூன்று நிமிடம். பிறகு சொம்பின் கிழக்குப் பக்கம் ஒரு மயிரிழை தோன்றியது. அன்றுதான் அறிவிப்பும் வந்தது: சென்னை, மதுரை, கோவையில் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு. மறுநாள் சனிக்கிழமை காய்கறிக்கும் மளிகைக்கும் ஊர் முழுக்க முண்டியடித்தது. நானும் பையோடு நின்றேன், முன்னால் நிற்பவரின் முதுகு மூச்சுப்படும் தூரத்தில் இருந்தது. கோயம்பேடு சந்தையில் தொற்று அப்போதே பற்றிக்கொண்டிருந்திருக்கிறது, மே 5ஆம் தேதி சந்தையை மூடினார்கள். அந்த வாரத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த வரிசையில் இருந்த பயம் அல்ல. சொம்புதான் வருகிறது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, சின்னச் சின்ன விஷயங்களில் இருக்கிறது எல்லாம் என்று முடித்துவிட எனக்குப் பிடிக்கவில்லை. அப்படி எழுதியவை அந்த வருடம் நிறைய என் மேசைக்கு வந்தன. எழுத்துப்பிழை திருத்தி அனுப்பினேன், மனம் ஒப்பவில்லை. என் மனைவியிடம் வடாம் துணியைக் காட்டி, அந்த நாட்கள் நன்றாக இருந்தன இல்லையா என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "உங்களுக்கு" என்றாள். நான்கு பேரும் நாள் முழுக்க வீட்டில், மூன்று வேளையும் சமையல், நடுவில் இரண்டு தடவை காபி, வேலைக்கு வரும் அம்மா வர வழியில்லை. உருளியைத் துழாவியது நான், அடிப்பிடித்த அந்த உருளியைத் தேய்த்தது அவள். மாடியில் நான் பார்த்த ஆறு சிறுபொழுதையும் அவள் அடுப்படியின் ஒரே ஜன்னலில் பார்த்தாள், அதுவும் பார்த்திருந்தால். எனக்குக் கிடைத்த பொழுது ஆகாயத்திலிருந்து விழவில்லை, அவளிடமிருந்து எடுத்தது. வேலைக்கு வரும் அம்மாவுக்கு ஏப்ரல் சம்பளத்தை முழுதாகக் கொடுத்தோம். மே மாதம் பாதி கொடுத்தோம். என் சம்பளம் பாதியானது என்பது காரணம். அது நல்ல காரணம் என்று அன்று தோன்றியது. அதே மே மாதம் நான் மூன்றாவது தடவையாக ஜவ்வரிசி வாங்கினேன்.

இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது இன்னும் கடினம். எங்கள் வீட்டிலிருந்து தண்டவாளம் கூப்பிடு தூரம். இருபது வருடமாகக் கடைசி ரயிலின் சத்தத்தில் தூங்கி முதல் ரயிலின் சத்தத்தில் எழுந்தவன். அந்த நாட்களில் பயணிகள் ரயில் நாடு முழுக்க நின்றுவிட்டது, எப்போதாவது சரக்கு வண்டி மட்டும். முதல் இரண்டு இரவு தூக்கமே வரவில்லை. பிறகு அந்த அமைதிக்குள் வேறு சத்தங்கள் வந்தன. தெருக்கோடி வீட்டில் ஒருவர் இருமுவது, ஓலைக்கூரையில் பல்லி, வெகு தூரத்தில் ஒரு கூகை. மாடியில் பாயைப் போட்டுப் படுப்போம். விமானம் இல்லாத வானம், புகை குறைந்து நட்சத்திரம் கூடியிருந்தது. ரயில் வராது என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று ஒரு நாள் மனைவியிடம் சொல்லிக்கூட இருக்கிறேன். மே 8 விடிகாலை, மகாராஷ்டிரத்தில் அவுரங்காபாதுக்குப் பக்கத்தில், ஜால்னாவிலிருந்து மத்தியப் பிரதேசத்தில் இருக்கும் ஊருக்குத் தண்டவாளத்தை ஒட்டியே நடந்துபோன தொழிலாளர்கள் களைத்துப்போய்த் தண்டவாளத்திலேயே படுத்துவிட்டார்கள். சரக்கு ரயில் ஒன்று ஏறியது. 16 பேர். அவர்கள் கட்டிக்கொண்டு வந்த ரொட்டிகள் ஜல்லிக்கு நடுவே சிதறிக் கிடந்த படம் வந்தது. ஊரடங்கில் ரயில் ஓடாது என்று நம்பித்தான் படுத்தார்கள் என்று பிழைத்தவர்கள் சொன்னதாகப் படித்தேன். எனக்குத் தூக்கத்தைக் கொடுத்த அதே நம்பிக்கை. நான் பாயில் மல்லாந்து படுத்து நம்பினேன், அவர்கள் தண்டவாளத்தில் தலைவைத்து நம்பினார்கள். அன்று இரவு நான் மாடிக்குப் போகவில்லை. மறுநாள் போனேன். அமைதி அப்படியேதான் இருந்தது, அதில் குறை ஒன்றும் சேர்ந்திருக்கவில்லை, கூகை கூவியது, எனக்கு அது பிடித்தும் இருந்தது. இதை எப்படி எழுதினாலும் என் பக்கம் நியாயம் நிற்கவில்லை.

மாமா போனது மே மூன்றாவது வாரம், கத்திரியின் நடுவில். நோய்த்தொற்று இல்லை, நெஞ்சுவலி. கும்பகோணத்தில் இருந்தார். அம்மாவைவிட ஏழு வயது சின்னவர், அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவர். காலை ஒன்பது மணிக்குச் செய்தி வந்தது. சாவுக்குப் போக பாஸ் உண்டு என்று விண்ணப்பித்தேன், ஆதார், இறப்புக்கு அத்தாட்சி, வண்டி எண், எல்லாம் ஏற்றினேன். பதில் மறுநாள் காலைதான் வந்தது. அதற்குள் முடிந்துவிட்டது. வெயில் காலம், வைத்திருக்க முடியாது என்றார்கள். இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது. மாமா பையன் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு காட்டினான். அம்மா கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் பார்த்தாள். படம் நின்று நின்று வந்தது. தண்ணீர் இல்லாத காவிரி மணலில் அவர்கள் இறங்கும்போது முற்றிலுமாக நின்றுவிட்டது, ஒருவர் கால் தூக்கியபடி. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தமாக அழவில்லை. நான் கைப்பேசியை வாங்கி அணைத்தேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். மணி மூன்றிருக்கும். ஈரப் புடவையோடு மாடிப்படிப் பக்கம் போனாள். நான் பயந்துபோய் பின்னாலேயே ஓடினேன்.

மாடியில் மூன்றாம் நாள் வடாம் இருந்தது. காலையிலேயே எடுத்திருக்க வேண்டியது. விட்டால் துணியோடு சேர்ந்து நொறுங்கும். அம்மா தரையில் உட்கார்ந்து, வேட்டியை ஒரு ஓரமாகத் தூக்கி, தன் புடவைத் தலைப்பையே பிழிந்து அந்த ஈரத்தைத் துணியின் அடிப்பக்கம் தடவினாள். அப்படித் தடவினால்தான் வடாம் இளகி வரும். ஒன்று. இரண்டு. முறத்தில் போட்டாள். "இப்போ எதுக்கும்மா இதெல்லாம், நான் எடுக்கறேன், வா கீழே" என்றேன். அவள் தலை நிமிராமல், "பொழுது இருக்குடா" என்றாள். நேரம் இருக்கிறது என்றாளா, வெயில் இருக்கிறது என்றாளா, இல்லை அவளுக்கு முன்னால் இன்னும் இவ்வளவு கிடக்கிறது என்றாளா, தெரியவில்லை. கேட்கவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் எடுத்தேன். அவள் கண்ணீர் வடாத்தின் மேல் விழுந்தது, அதைத் துடைக்காமல் முறத்தில் வைத்தாள். ஒரு வரிசைக்குப் பதினொன்று, பன்னிரண்டு வரிசை. கடைசி வரிசை வருவதற்குள் எற்பாடு முடிந்து மாலை ஆகிவிட்டது. முறத்தை ஒரு தடவை குலுக்கினாள். கலகலவென்று கேட்டது. காதைக் கிட்டக் கொண்டுபோய் இன்னொரு தடவை குலுக்கினாள். நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்ததும் முகத்தில் ஏதோ தளர்ந்தது. நான் அதைப் பார்த்தேன். அது சிரிப்பு இல்லை, ஆறுதலும் இல்லை. எனக்குள் தினமும் வந்ததும் அதுதான், பெயர் தெரியாதது. தம்பி செத்த அன்று சாயங்காலம் அவளுக்கு அது வந்தது, அவள் அதற்காக வெட்கப்படவில்லை.

அன்று துணியை நான்தான் மடித்தேன், அலசாமல். பரணில் வைத்ததும் நான்தான். அந்த வடாத்தைக் காரியம் முடியும்வரை வறுக்கவில்லை, அதற்குப் பிறகும் அம்மா கேட்கவில்லை. டின்னில் கிடந்து சிக்கடித்துப்போய், அடுத்த கோடையில், இரண்டாவது அலையில் தெருவில் ஆம்புலன்ஸ் ஓயாத நாட்களில், மனைவி அதைக் கொட்டினாள். அம்மாவால் இப்போது மாடி ஏற முடியாது. நேற்று மாலை கீழே கட்டிலில் படுத்தபடி, "கொடியில என்னடா வெள்ளையா தெரியறது?" என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக் கேட்டாள். அப்பா வேட்டி என்றேன். காற்று பலமாக அடித்தது, மற்ற துணியெல்லாம் ஆடியது, அது மட்டும் ஆடவில்லை. "கஞ்சி போகலையே. ராத்திரி ஊறப் போடு" என்றாள்.